லிஃப்ட்காரரின் முக்காலி

ஏழு மாடிக் கட்டடம் அது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அவர் பெயரே மறந்துவிட்டது. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். ஒரு லிஃப்ட் கம்பெனியில் முப்பது வருடமாக மெக்கானிக். ஊரில் நாற்பது லிஃப்டுகளுக்கு மாதாமாதம் போய் பிரேக் பார்த்து, கம்பிவடத்தைத் தடவிப் பார்த்து, கதவு உருளைகளைத் துடைத்துவிட்டு வருவார். அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டும் அந்த நாற்பதில் ஒன்று. அது நின்றுபோனால் யாரும் கம்பெனிக்குப் போன் போடுவதில்லை, ஏழாம் மாடிக் கதவைத் தட்டுவார்கள். சாப்பிட்ட கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு எழுந்து போவார்.

இந்த மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வானத்தைப் பார்க்கிற ஆசை வந்தது. சும்மா வந்தாலும் பரவாயில்லை, தொலைநோக்கியைத் தானே செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தோடு வந்தது. கண்ணாடியை மட்டும் விலைக்கு வாங்கினார். மற்றதெல்லாம் லிஃப்டிலிருந்து கழித்துப் போட்ட சாமான்கள். தாங்கிக்கு லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தின் துண்டுகள், சுழலும் அச்சுக்குப் பழைய பேரிங், எதிர் எடைக்கு இரும்புப் பாளம். எல்லாம் சேர்ந்து ஒரு முக்காலி மேல் உட்கார்ந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று அவரே சொல்லிக்கொண்டார், வேறு யாரும் சொல்லாததால்.

அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். தையலில் ஒரு நூல் விலகியிருந்தாலும் சட்டையைத் தூக்கி எறிகிற கண். செக்கிங் அக்கா என்றே கட்டடத்தில் கூப்பிடுவார்கள். தொலைநோக்கி தயாராவதற்குள் அக்காவின் இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. தொலைநோக்கி இருந்ததோ மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் ரூமின் கூரை மேல். அதற்குச் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும்.

"எனக்கு ஒரே ஒரு தடவை பார்க்கணுங்க. அந்த ஒளிமேகம்னு சொல்றீங்களே, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல, அதை," என்றார் அக்கா ஒருநாள்.

"தூக்கிட்டுப் போகட்டுமா?"

"உங்க இடுப்பும் போயிட்டா நம்ம ரெண்டு பேரையும் யார் தூக்குறது?"

அதனால்தான் படம் எடுக்க இறங்கினார். தனக்கு அது தேவையே இல்லை, கண்ணால் பார்த்தால் போதும். அக்காவுக்காகத்தான் கேமரா வாங்கினார். ஒரு படத்துக்கு இருபத்தைந்து விநாடி வெளிச்சம் வாங்க வேண்டும். அப்படி எண்பது படமாவது எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த மேகம் நிறத்தோடு தெரியும். வானம் நகர நகரத் தொலைநோக்கியை மெல்லத் திருப்ப ஒரு குட்டி மோட்டாரும் வைத்தார்.

முதல் படத்தை அக்கா பார்த்தார். "என்னங்க இது, அரிசிப் புழு மாதிரி?"

நட்சத்திரம் புள்ளியாக விழ வேண்டிய இடத்தில் கோடாக விழுந்திருந்தது. தாங்கி ஆடுகிறது. தொலைநோக்கிக் குழாயை விரலால் ஒரு சுண்டு சுண்டி, ஆட்டம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று எண்ணினார். நான்கு விநாடி. அவமானமாக இருந்தது அவருக்கு. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஆடாமல் போகிற பெட்டியைப் பராமரிக்கிறவருக்கு ஒரு குழாயை ஆடாமல் நிறுத்தத் தெரியவில்லை என்றால்?

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர் பாடு தலைகீழ். அடி மேல் அடி வைத்து நகராமல் செய்ய வேண்டும். முக்காலியின் மூன்று கால்களையும் குறுக்குச் சட்டம் போட்டு முக்கோணமாகக் கட்டினார். கால் குழாய்களுக்குள் காய்ந்த மணலைக் கொட்டி அடைத்தார். ஆட்டம் இரண்டு விநாடி ஆயிற்று. அச்சில் ஒட்டி ஒட்டி இருந்த இரண்டு பேரிங்கையும் ஒரு முழம் தள்ளி வைத்தார். எதிர் எடையின் நீளக் கம்பியைப் பாதியாக அறுத்து எடையைக் கூட்டினார். ஒரு விநாடி. தொலைநோக்கியை ஒரே வளையத்தில் பிடித்திருந்ததை மாற்றி, இரண்டு வளையமும் அவற்றைச் சேர்க்க ஒரு தடித்த பட்டையும் போட்டார். கடைசியாகக் காலடியில் இருந்த ரப்பர் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கூரைக் கான்கிரீட்டிலேயே துளை போட்டு போல்ட் வைத்து முடுக்கினார். கட்டடத்திலேயே கெட்டியான இடம் அந்தக் கூரைதான் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறையில்தானே அவர் பாதி ஆயுள் கழிந்தது.

இப்போது சுண்டினால் அரை விநாடிகூட ஆடவில்லை. நாள் முழுக்க வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார்.

அன்று எடுத்த படங்களில் முக்கால்வாசி முன்னைவிட மோசம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சில படங்களில் நட்சத்திரம் அச்சடித்த மாதிரி வட்டம்; அடுத்த படத்தில் அதே நட்சத்திரம் இரட்டை. தாங்கி கெட்டியாக இருந்தால் எப்போதும் சரியாக இருக்க வேண்டும், கோளாறு என்றால் எப்போதும் கோளாறாக இருக்க வேண்டும். இதென்ன, நினைத்தால் ஆடுவது?

நாளும் கையில் இல்லை. அந்த நட்சத்திரக் கூட்டம் நாளுக்கு நாள் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. மாலை ஏழேகாலுக்கு இருட்டுகிறது. எட்டேகாலுக்கெல்லாம் எதிர்க் கட்டடத்தின் பின்னால் போய்விடும். இன்னும் பத்து நாள் போனால் அந்த ஒரு மணி நேரமும் இருக்காது. அப்புறம் அடுத்த வருடம்தான். அக்காவுக்கு அடுத்த வருடம் அறுபது.

"படத்தையெல்லாம் வரிசையா காட்டுங்க," என்றார் அக்கா. கணினி முன்னால் உட்கார்ந்து, சட்டைகளைப் பிரிக்கிற மாதிரியே பிரித்தார். நல்லதை விட்டுவிட்டு, கெட்டது எடுக்கப்பட்ட நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். அரை மணி நேரம் கழித்துத் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏழு இருபத்தஞ்சு, பல் டாக்டர் வர்ற நேரம். ஏழு முப்பத்திரண்டு, மூணாவது மாடிக்காரர் நாயோட கீழ போறார். ஏழு நாற்பது, டியூஷன் பிள்ளைங்க. ஏங்க, இது உங்க லிஃப்டுங்க!"

நடக்க முடியாமல் வீட்டில் இருக்கிறவருக்கு லிஃப்ட் சத்தம்தான் கடிகாரம். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது அக்காவுக்கு அத்துப்படி.

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. "என் லிஃப்டா? அது ஓடுறது அதுக்கே தெரியாது. அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்."

"போய்ப் பாருங்க. நான் பட்டனை அழுத்துறேன்."

மேலே ஏறி, ஒரு நட்சத்திரத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு போனில் சொன்னார். கீழே அக்கா பட்டனை அழுத்தினார். காலுக்கடியில் மோட்டார் எழுந்தது. நட்சத்திரம் துள்ளியது.

முப்பது வருடம் கேட்ட சத்தம், காதில் விழாமலே போய்விட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். ரப்பர் இருந்தவரை அதிர்வைக் கொஞ்சம் அதுவாவது வாங்கிக்கொண்டது. இவர் போல்ட் போட்டு முடுக்கி, மோட்டாரையும் தொலைநோக்கியையும் ஒரே உடம்பாக்கிவிட்டார். ரப்பரைத் திரும்ப வைத்தால் காற்றுக்கு ஆடும். எடுத்தால் லிஃப்டுக்கு ஆடும். கீழே மொட்டை மாடித் தரையில் வைக்கலாம் என்றால் மேற்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது.

லிஃப்டை நிறுத்துவது ஒன்றுதான் வழி. அவருக்கு அது ஒரு சுவிட்ச். ஆனால் பழுதில்லாத லிஃப்டில் 'பழுது' பலகை மாட்டிய பாவம் அவர் கணக்கில் இல்லை. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் 'பராமரிப்பு' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அழித்து, கடைசியில் உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டார்: 'வெள்ளிக்கிழமை மாலை 7.20 முதல் 8 மணி வரை லிஃப்டை நிறுத்த அனுமதி வேண்டும். பழுது இல்லை. நட்சத்திரம் படம் எடுத்து என் வீட்டம்மாவுக்குக் காட்ட வேண்டும்.'

பல் டாக்டர் பொங்கினார். "நட்சத்திரத்துக்காக நான் ஆறு மாடி ஏறணுமா?" நாய்க்காரர், தன் நாய்க்கு நடை நல்லது என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பஞ்சாயத்துப் பண்ணி முடித்தார். ஒரே ஒரு நாள். நிஜமாகவே மாடி ஏற முடியாத யாராவது வந்து நின்றால், வாட்ச்மேன் போன் போட்ட உடனே லிஃப்டை ஓட்டிவிட வேண்டும். லிஃப்ட்காரர் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அக்கா மூட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். வழக்கமாக ஆறரைக்கு வந்துவிடுவார். லிஃப்ட்காரர் ஆறு மணிக்கே மேலே ஏறிவிட்டார். ஏழு இருபதுக்குச் சுவிட்சை அணைத்தார். முழுக் கட்டடமும் மூச்சை நிறுத்தியதுபோல இருந்தது. போனைக் கையிலேயே பிடித்திருந்தார். ஒவ்வொரு படமாக எண்ணினார். இருபது. நாற்பது. போன் அடித்துவிடுமோ என்று அதை அடிக்கடி பார்த்துக்கொண்டார். அடிக்கவில்லை. படிக்கட்டில் யாரோ பெருமூச்சு விட்டுக்கொண்டே ஏறுவது கேட்டது, பல் டாக்டராகத்தான் இருக்கும். எண்பதாவது படம் முடிந்தபோது மணி எட்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஒன்றுகூட ஆடவில்லை.

சுவிட்சைப் போட்டார். போட்ட கையோடு மோட்டார் ஓடியது. கீழே யாரோ காத்திருந்திருக்கிறார்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் ஏழாம் மாடிக்கு இறங்கி வரவும் லிஃப்ட் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. உள்ளே கைத்தடியோடு அக்கா. பக்கத்தில் குற்றவாளி மாதிரி வாட்ச்மேன்.

"ஏழரைக்கே வந்துட்டாங்க சார். வழியில வண்டி மாட்டிக்கிச்சாம். போன் போடறேன்னேன். போனையே பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. என் நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க."

லிஃப்ட்காரருக்கு முகம் சிவந்தது. பயிற்சி முடிந்த மூட்டு எப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே சுவிட்சைப் போட்டிருப்பேனே!"

"போட்டிருப்பீங்க," என்றார் அக்கா. "அதனாலதான் சொல்லலை."

அவர் கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். படங்களை அடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அக்காவின் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்து நீவிக்கொண்டிருந்தார். திரையில் முதலில் சாம்பலாக, பிறகு ரோஜா நிறத்தில், சிறகு விரித்த மாதிரி அந்த மேகம் எழுந்து வந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். ஓரத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். நடுவில் நெருங்கிக் கிடந்த நாலு நட்சத்திரங்களில் விரல் நின்றது.

"சரியா வந்திருக்கா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "கொஞ்ச நேரம் பேசாம இருங்க," என்றார். "நான் இன்னும் பார்த்து முடிக்கலை."