கொழுந்துக் கூடையில் போன சேதி

சுற்றுலா வேனின் முன்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேலப்பன் தம் தந்தையின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். இரண்டு வாக்கியம் முடிந்ததும் பின்சக்கரத்துக்கு ஒரு தட்டு. எழுபது வயதாகியும் நின்ற இடத்தில் நின்று பேச அவருக்கு வராது. தேயிலைத் தோட்டம் பார்க்க வந்தவர்களும் கதையின் முடிவுக்காக அவர் பின்னாலேயே வேனைச் சுற்றுகிறார்கள்.

"செக்போஸ்ட்ல ஜப்பான்காரன் துப்பாக்கியோட நிக்கிறான். எங்கப்பா முதுகுல கொழுந்துக் கூடை. அடியில, காட்டுல ஒளிஞ்சிருந்த வெள்ளக்காரன் குடுத்த துண்டுச் சீட்டு. எங்கப்பா பயப்படலியே. ஒரு பிடி கொழுந்த அள்ளி அவன் கையிலயே குடுத்தாரு. அவன் மோந்து பாத்துட்டு, போலாம்னு விட்டுட்டான்லா."

அவர் கதையில் காட்டில் ஒளிந்திருந்த வெள்ளைக்காரர்கள் சென்ற ஆண்டு இருவர், இவ்வாண்டு நால்வர். மழை பெய்து பயணம் தாமதமானால் ஒரு புலியும் வந்து சேரும். போர்க்கால உளவாளிகளைப் பற்றி நாளிதழில் எது வந்தாலும் கத்தரித்து வேனில் வைத்துக்கொள்வார். நம்பாதவர்களிடம் அதை நீட்டி, "இது நடந்துச்சுன்னா அதுவும் நடந்திருக்கும்தானே?" என்பார்.

இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய தந்தை அங்கமுத்துவைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் 'காட்டிக்கொடுத்தவன்' என்றே சொன்னார்கள். ஜப்பானியருக்கு ஆள்காட்டியாக இருந்தார் என்பது பேச்சு. மாரியம்மன் திருவிழா முடிந்து வீட்டுக்கு வீடு தேங்காய் மூடி கொடுக்கும்போது, அவர் வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். சிறுவன் வேலப்பன் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இப்போது மலைநகரான தானா ராத்தாவில் போர்க்காலக் கண்காட்சி ஒன்று திறக்கவிருக்கிறது. ஜப்பானியரை எதிர்த்த மலைநாட்டு உளவாளிகளுக்கென ஒரு சுவர். அதில் அங்கமுத்துவின் பெயரும் இடம்பெறலாம். கண்காட்சிக்குத் தகவல் திரட்டும் விக்னேஸ்வரி, வேலப்பன் தொலைபேசியில் சொன்னதை எல்லாம் தட்டச்சு செய்து, கையொப்பம் வாங்க ஞாயிறு காலை மைதீன் சாப்பாட்டுக் கடைக்கு வந்தார். வேலப்பன் அதற்குள் மூன்று நாற்காலி மாறியிருந்தார்.

விக்னேஸ்வரி படித்துக் காட்டினார். பக்கத்து மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தோட்டக் கங்காணி ரெங்கசாமி தலையை நிமிர்த்தவில்லை.

"வேலப்பா, நீ ஸ்டியரிங் புடிச்சவன். கொழுந்து எடுத்திருக்கியா?"

"எதுக்கு கேக்குறீங்க, கங்காணி?"

"ஜப்பான் காலத்துல நம்ம தோட்டத்துல எவன் கொழுந்து எடுத்தான்? எல்லாரையும் மரவள்ளி நட விட்டுட்டான். தேயில மரமாட்டம் வளந்து நின்னுச்சு. சண்ட முடிஞ்சு அத கவாத்து வெட்டவே எங்கப்பனுக்கு ரெண்டு வருசம். உங்கப்பா கூடையில எந்தக் கொழுந்துய்யா போட்டாரு?"

கடையில் யாரோ சிரித்தார்கள். வேலப்பன் எழுந்து வேன் வரை போனார்; கதவைத் திறந்தார், மூடினார், திரும்பி வந்தார். உட்கார்ந்தார். கால் ஆடவில்லை.

"அப்பா இடது கையில மூணு வெரலு மடங்காதும்மா. எவனோ ஒடிச்சது. சண்ட நேரத்துல. ஜப்பான்காரன் ஒடிச்சானா, நம்ம ஆளுங்க ஒடிச்சாங்களான்னு நான் கேட்டேன். சாகுற வரைக்கும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ரெங்கசாமி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அப்போ எத எழுதட்டும், அங்கிள்?"

வேலப்பன் விக்னேஸ்வரியிடமிருந்து தாளையும் பேனாவையும் வாங்கினார். கூடை வந்த வரியை அடித்தார். அடுத்து நான்கு வெள்ளைக்காரர்கள். அதன்பின் ஜப்பானியக் காவலனும் புலியும். 'உளவாளி' என்னும் சொல்லின்மேல் பேனா நெடுநேரம் நின்றது. பிறகு அதன்மேலும் ஒரு கோடு விழுந்தது.

"வெறும் பேர மட்டும் சுவத்துல போட மாட்டாங்க, அங்கிள்."

"தெரியும்மா."

தாளில் எஞ்சியிருந்தது அங்கமுத்து என்னும் பெயர் ஒன்றே. அச்சில் தெளிவாகத்தான் இருந்தது. வேலப்பன் குனிந்து, அதன் ஒவ்வோர் எழுத்தின்மேலும் பேனாவை அழுத்தி மறுபடி எழுதத் தொடங்கினார்.