எட்டாவது வயர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் பக்கத்தில் நானும் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு எடுக்கத் தேவையான தாள்களைத் தயார்செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம், கிள்ளானில். அங்கே கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. குடியிருந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாடகை அறையில், தனியாக. காலையில் ரயிலேறி வருவேன், மாலையில் ரயிலேறிப் போவேன். சில நாள் அறைக் கதவைத் திறக்கும்போதுதான் நினைவு வரும், இன்றைக்கு ‘குட் மார்னிங்’ தவிர வேறெதுவும் பேசவில்லை என்று.

என் மேசை பின்பக்கம், ஸ்டோர் அறையில். முன்னால் ஏழு பேர், ஏழு கணினிகள். அவற்றின் வயர்கள் எல்லாம் என் அறையில் இருந்த ஒரு பெட்டிக்கு வந்து சேரும். ஒவ்வொரு வயருக்கும் ஒரு சின்னப் பச்சை விளக்கு. கணினியைத் திறந்தால் எரியும், மூடிவிட்டுப் போனால் அணையும். யாருடைய விளக்கு எது என்று எனக்கு மனப்பாடம். மூன்றாவது அணைந்தால் கணக்குப் பார்க்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். என்னிடம் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை, விளக்குதான் சொல்லும். எனக்குக் கணினி கிடையாது. அதனால் விளக்கும் கிடையாது.

எட்டாவதாக ஒரு வயர் இருந்தது. எப்போதோ வேலையை விட்டுப்போன ஒரு பெண்ணுக்காகப் போட்டது. ஒரு முனை பெட்டியில் இருக்கும், மறு முனை தரையில் கிடக்கும். ஒருநாள் காலை அது என் காலில் சிக்கியது. எதுவும் அவிழ்ந்து கிடந்தால் எனக்குப் பொறுக்காது. கோப்பு கட்டுவதுபோல் அதைச் சுருட்டி, ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். தொங்கிய முனையை, பெட்டியின் ஓரத்தில் தனியாகக் காலியாக இருந்த துளையில் சொருகினேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. புதிதாக இரண்டு விளக்குகள் எரிந்தன.

கொஞ்ச நேரத்தில் எல்லா விளக்குகளும் வெறி பிடித்ததுபோல் துடித்தன. முன்னால் ஒரே கூச்சல். யாருக்கும் எதுவும் திறக்கவில்லை, தாள் அச்சாகவில்லை. கீழே லோரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வயரைப் பிடுங்கலாமா என்று கை நீட்டுவதற்குள் முதலாளி வந்து நின்றார்.

“யாரும் எதையும் தொடாதீங்க. ஆள் வரட்டும்.”

ஆள் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கணினி பழுது பார்க்கும் தமிழர், தனி ஆளாகத் தொழில் செய்கிறவர். முதலில் என்னிடம்தான் கேட்டார்.

“அண்ணே, யாராச்சும் வயரைத் தொட்டாங்களா?”

“இல்ல.”

நம்பிவிட்டார். முன்னால் போய் ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்தார். இடையிடையே பின்னால் வந்து, என் பக்கத்தில் ஒரு தாள் பெட்டிமேல் உட்காருவார். மாதக்கணக்காகப் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பற்றி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வீணான தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். “இந்தத் துளைக்குப் பேரு போர்ட். இந்த ஏழு கணினியும் ஒண்ணா சேர்ந்தா அதுதான் நெட்வொர்க். ஒவ்வொண்ணுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு ஐபி அட்ரஸ். இது பழைய பெட்டி அண்ணே, ஒருத்தருக்கு வந்த சேதியை எல்லார்கிட்டயும் கத்தும். மேனேஜ்ட் ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கு. எந்தப் போர்ட்ல தகராறுன்னு நாம அதைக் கேக்கலாம், அந்தப் போர்ட்டை மட்டும் மூடலாம். வாங்குங்கன்னு பாஸ்கிட்ட எத்தனை தடவை சொல்லிட்டேன். ‘சின்ன கம்பெனிக்கு அது எதுக்குலா’ன்றாரு.”

அப்புறம் தாளில் ஒரு வட்டம் போட்டார். “ஒரே வயரோட ரெண்டு முனையும் இதே பெட்டியில போச்சுன்னு வைங்க, சேதி வெளிய போகாம உள்ளயே சுத்தி எல்லாத்தையும் அடைச்சிடும். ஆனா அப்படி யாரு பண்ணப் போறா?” என்று சிரித்தார்.

என் கண் அலமாரிப் பக்கம் போனது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. தவறு கிடைத்துவிட்டால் அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரைப்போல என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மத்தியானம் எங்கே சாப்பிடுவேன் என்று கேட்டார். கீழே தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் என்றேன். மாதாமாதம் கூப்பிடும் அலுவலகம் தனக்கு இது ஒன்றுதான் என்றார். ஐபி அட்ரஸ் எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை கேட்டேன்.

இப்படியே இரண்டு மணி நேரம் போனது. முதலாளி வாசலில் வந்து நின்றார்.

“உன்னால முடியலன்னா சொல்லு. வேற ஆளைக் கூப்பிடுறேன். இனிமே நீ இங்க வரவேணாம்.”

கணினிக்காரர் பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய் ஓரத் துளையிலிருந்த வயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின.

“நான்தான் சொருகினேன். காலையில.”

முதலாளி என் குரலை அன்றுதான் கேட்டதுபோல் பார்த்தார். “நீயா? பக்கத்துலயே உக்காந்துகிட்டு?” முன்னால் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் அங்கே ஓடிவிட்டார்.

கணினிக்காரர் அலமாரிக்குப் பின்னாலிருந்து சுருளை எடுத்தார். என் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது.

“நல்லாத்தான் கட்டியிருக்கீங்க” என்றார். கோபமில்லை. “அண்ணே, முதல்லயே சொல்லியிருந்தா கீழ மாமாக் கடையில ஒரு தே குடிச்சிக்கிட்டே பேசியிருக்கலாம்லா.”

ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ள உண்மையை ஒளிக்க வேண்டியதில்லை, சொல்லியிருந்தாலும் அவர் இருந்திருப்பார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது.

முதலாளி ஒருவழியாகச் சம்மதித்ததால், மறுநாள் அவர் ஒரு மேனேஜ்ட் ஸ்விட்சைக் கொண்டுவந்து மாட்டினார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்றைக்குத் தே குடிக்க நேரமில்லை, சுபாங் ஜெயாவில் வேறு வேலை இருந்ததால் உடனே கிளம்பிவிட்டார்.