ஸ்பூல்கள் தங்கியிருந்த வீடுகள்

என் கணவர் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கச்சேரி விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். நாகஸ்வரக்காரர், பாடகி, மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவர் என்று யாரைப் பார்த்தாலும் உட்காரவைத்துப் பேசி டேப்பில் பதிந்துகொண்டு வருவார். செவ்வாப்பேட்டை வீட்டில் பாதிக் கூடம் அவருடைய காகிதங்களுக்கும் டேப் சுற்றிய ஸ்பூல்களுக்கும்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனது. அலுவலகத்து ஆட்கள் வந்து துக்கம் கேட்டார்கள். டேப் ரெக்கார்டர் அவர்களுடையது என்பதால் எடுத்துப் போனார்கள். ஸ்பூல்கள் என்னிடம் நின்றன, கேட்க வழியில்லாமல்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பாக்கிங் வேலை கிடைத்தது. புதுவாயலில் ஓர் அறை பிடித்தேன்.

"எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு வா. குப்பையக் கட்டிக்கினு எத்தினி நாளிக்கு அழுவ?" என்றார் அண்ணன்.

எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினேன். படுக்க ஒரு பாய் அகலம் போக, அறை முழுவதும் என் கணவரின் மூட்டைகள்.

முதல் மழைக்கே கூரை ஷீட் ஒழுகியது. விடியும்வரை பெட்டிகளை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக நகர்த்தினேன். மறுநாள் சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே தூங்கிவிட்டேன். பக்கத்தில் வேலை செய்யும் இருவர் எழுப்பினார்கள். ஒருத்தி பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. மற்றவள் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பொட்டில இன்னாக்கா கீது?" என்றாள் குப்பத்துக்காரி.

"பாட்டு. அவரு பேசினது."

"எங்க ஊட்டுப் பரண் சும்மாதான் கீது. ஒண்ணு குடு, வெச்சிக்கிறேன்."

ஆரம்பாக்கத்துக்காரி தானும் ஒன்று கேட்டாள். அந்த வாரத்துக்குள் பாக்கிங் பிரிவே கேட்டது. ஷிப்ட் முடிந்து என் அறைக்கு வந்து ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போனார்கள். நன்றி சொன்னேன். ஆனால் உள்ளே ஒரே திகில். எந்த வீட்டில் எலி, எந்த வீட்டில் கரையான், எந்தக் குழந்தை நாடாவை உருவி விளையாடுகிறதோ.

ஐப்பசியில் புயல் அடித்து ஏரித் தண்ணீர் குப்பத்துக்குள் ஏறியது. குப்பத்துக்காரி வேலைக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் தேடிப் போனேன். குடிசைச் சுவர் பாதி கரைந்திருந்தது. பெட்டியைப் பற்றி முதலில் கேட்க வெட்கமாக இருந்தது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன், புருஷனைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பொட்டி நல்லா கீதுக்கா. புள்ளைங்களோட அதையும் படகுல ஏத்திக்கினோம். நைனாதான் தூக்கியாந்து வெச்சாரு. வலையக்கூட அப்பறம்தான் தேடினாரு."

நைனா என்றது அவளுடைய மாமனாரை. அவர் சற்றுத் தள்ளி வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே என் பயமெல்லாம் போயிற்று.

அடுத்த கோடையில் தொழிற்சாலை எனக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் ஒதுக்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டைகள் திரும்பி வந்தன, சைக்கிள் கேரியரிலும் தலைச்சுமையாகவும். கொடுத்ததைவிட ஒழுங்காக வந்தன. ஒருத்தி வேப்பிலை போட்டுக் கட்டியிருந்தாள். ஒருத்தி பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு ஸ்பூலுக்கும் பை தைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. ஆரம்பாக்கத்துக்காரி அவர்கள் சர்ச் பாதிரியாரிடம் டேப் ரெக்கார்டரையே இரவல் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

ஸ்பூலை மாட்டினோம். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு நாகஸ்வரம் எழுந்து அறையை நிறைத்தது. வாசித்து முடித்ததும் என் கணவரின் குரல்: "அது... வந்து... இந்த ராகப் பிடி உங்களுக்கு எப்படி..." என்று திக்கித் திக்கிக் கேட்டது.

"இன்னாக்கா, எழுதறவருன்னு சொன்ன, கேக்கறதுக்கு இந்தத் தெணறு தெணறுறாரு?" என்றாள் குப்பத்துக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், கண்ணில் நீர் வரும்வரை.

செய்தி எப்படியோ சென்னைக்குப் போயிற்று. என் கணவரோடு சபாக்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த போட்டிப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் தேடி வந்தார். துணிப்பைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் சேர்த்துவைத்திருந்த ஸ்பூல்களை எல்லாம் வீட்டில் கொளுத்தச் சொல்கிறார்களாம்.

"என்னோடதையும் இங்க வெச்சுக்க முடியுமாம்மா?"

நான் வாயைத் திறக்குமுன், ஷிப்ட் முடிந்து என்னோடு வந்திருந்த குப்பத்துக்காரி சொன்னாள்: "கொண்டாங்க சார். ஈரமில்லாம கொண்டாங்க."