தகரப் பலகையில் ஒரு புள்ளிமான் குட்டி

பத்து வயதில் ஒரு மானின் பெயரைத் தப்பாகச் சொன்னேன். தப்பென்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. எண்பதைத் தாண்டியபின் இதை எழுதுவதால் யாருக்கும் லாபமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

என் சித்தப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவர் எழுத்து அச்சடித்தது போலிருக்கும். அந்நாளில் சென்னைவாசிகள் மிருகக்காட்சிசாலையை உயிர்க்காலேஜ் என்பார்கள், மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். அந்த உயிர்க்காலேஜுக்குப் போட்டியாக ஒரு ஜமீன்தார் அடையாற்றங்கரையில் தம் தோட்ட பங்களாவில் மிருகங்கள் வளர்த்தார். கூண்டுகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது சித்தப்பா. லீவு நாட்களில் ஜட்கா வண்டியில் நானும் தொற்றிக்கொள்வேன்.

ஒரு கோடை விடுமுறையில், வியாழக்கிழமையன்று, மலைப்பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் கூடை வந்து சேர்ந்தது. உள்ளே முயலைவிடச் சற்றே பெரிய ஒரு மான். பென்சில் பருமனில் கால்கள், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும். கொம்பில்லை. கூடையில் கட்டியிருந்த சீட்டு வழியில் மழையில் நனைந்து மை கரைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை துரைமார்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் பலகை வேண்டும்.

"இது என்ன ஓய்?" என்றார் ஜமீன்தார். சித்தப்பா கழுத்தைச் சொறிந்தார். பள்ளியில் பரிசு வாங்கிய ஆங்கில மிருகப் புத்தகத்தை நான் எங்கே போனாலும் கக்கத்தில் வைத்திருப்பேன். பிரித்துக் காட்டினேன். குட்டிக்கு வெள்ளைப் புள்ளி, கொம்பு கிடையாது. "புள்ளிமான் குட்டி!"

"பலே! பையன் பாரிஸ்டராத்தான் வருவான்" என்று ஜமீன்தார் என் முதுகில் தட்டினார்.

மிருகங்களுக்குத் தீனி வைக்கும் கன்னியப்பன் மெல்ல முன்னால் வந்தார். "குட்டி இல்ல எஜமான். இது சருகுமான். வளந்ததே இவ்ளோதான். வாயில கோரப்பல்லு கீது பாருங்க. சருகுக்குள்ளாற ஒளிஞ்சிக்கினு தனியாக் கெடக்கும். பெரிய மானுங்களோட வுட்டா தாங்காது."

"நீ எந்தக் காலேஜிலப்பா படிச்சே?"

"உயிர்க்காலேஜுலதாங்க."

உண்மையாகவே அங்கே பல வருஷம் தண்ணீர் சுமந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் உரக்கச் சிரித்தேன்.

சித்தப்பா மாமரத்தடியில் தகரத்தில் எழுத ஆரம்பித்தார். முதல் சொல் முடிந்ததும் தூரிகையை நிறுத்தினார். "டேய், அவன் கோரைப்பல் இருக்குங்கறானே. குட்டிக்கு ஏதுடா கோரைப்பல்? நீ போய்ப் பாத்துண்டு வா. இருந்தா அழிச்சுடறேன், பெயிண்ட் இன்னும் காயலை."

போனேன். கன்னியப்பன் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினார். இரண்டு பக்கமும், வளைத்த குண்டூசி போல, மெலிந்த கூரான பற்கள். மானின் நெஞ்சு அடித்துக்கொண்டதில் அவர் கையே அதிர்ந்தது.

"பாத்துக்கினியா சின்ன அய்யரே? பெரியவராண்ட சொல்லிடு."

தலையாட்டினேன். என் அப்பா வயதுக்காரரான அவரை நான் "கன்னியப்பா, வா" என்றுதான் கூப்பிடுவேன். அன்றும் அப்படியே கூப்பிட்டேன். மாமரத்துக்கு ஐம்பதடி தூரம் இருக்கும். அந்த ஐம்பதடியிலும் முதுகில் ஜமீன்தார் தட்டிய இடம் கதகதவென்றே இருந்தது.

"பல் ஒண்ணும் இல்லை சித்தப்பா."

எனக்குப் பின்னால் நின்றிருந்த கன்னியப்பன் மெல்லத் திரும்பிக் கூடைப் பக்கம் போய்விட்டார். சித்தப்பா நிம்மதியாக மிச்சத்தை எழுதி, அடியில் ஒரு கொடியும் வரைந்தார்.

பலகையில் என்ன பெயரோ அந்த இனத்தோடு மிருகம் இருக்க வேண்டும் என்பது பங்களாவின் சட்டம். சருகுமானைப் புள்ளிமான்களின் பட்டியில் விட்டார்கள். துரைமார்கள் வருவதால் பட்டி சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது. ஒளிய ஓர் இலைகூட இல்லை. கன்னியப்பன் ஒரு கூடை சருகு கொண்டுவந்து மூலையில் கொட்டினாராம். மானேஜர் அதையும் வாரச் சொல்லிவிட்டாராம்.

ஞாயிறு காலை நாங்கள் போனபோது அது அந்த மூலையில் மிதிபட்டு விலா நசுங்கிக் கிடந்தது. ஈ மொய்த்தது. உதடு ஒருபக்கம் விலகி ஒரு பல் வெளியே தெரிந்தது.

"ஒரு குட்டியைப் பாத்துக்கத் துப்பில்லையா உனக்கு?" என்று ஜமீன்தார் கத்தினார்.

கன்னியப்பன் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை. நான் புத்தகத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

"என் தப்புதான் எஜமான்."

துரைமார்கள் வருவதற்குள் அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடையாற்றுப் பாலத்தை நோக்கி நடந்தார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கே போனார் என்று விசாரிக்கவுமில்லை.

திரும்பும்போது ஜட்காவில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவனே தப்பை ஒத்துண்டுட்டானே சித்தப்பா" என்றேன்.

அதைச் சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. செய்யாத தப்பை ஒரு மனிதர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் வெளியே தெரிந்த அந்தப் பல்லைச் சித்தப்பாவும் பார்த்திருப்பார் என்பதும் தோன்றவில்லை. குதிரையின் கழுத்து மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். கழற்றிக் கொண்டுவந்த பலகை அவர் மடியில் குப்புறக் கிடந்தது. கொடி அழகாக வந்திருந்ததே, ஏன் இப்படிக் கவிழ்த்து வைத்திருக்கிறார் என்றுதான் யோசித்தேன்.