மாமா வாங்கிய காட்டெருமை

என்னுடைய மாமாவுக்கு ஆங்கிலத்தில் மிகவும் பிடித்த சொல் 'யெஸ்'. கனடாவுக்கு வந்த முதல் வருடமே அந்தச் சொல்லின் அருமையை அவர் கண்டுபிடித்துவிட்டார். வேலைக்கு ஆள் எடுப்பவர் கேட்டாலும், பஸ் சாரதி கேட்டாலும், கார் விற்பவர் கேட்டாலும் யெஸ் என்று சொன்னால் காரியம் நடந்துவிடும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக யூனியன்வில்லில் கராஜோடு சேர்ந்த வீடு வாங்கினார். அதே சொல்லை வைத்துத்தான் ஒரு முழுக் காட்டெருமையையும் வாங்கினார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஸ்காபுறோவில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தோம். அப்பா பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கினார். அம்மா ஓர் இறைச்சிக் கொம்பனிக்குப் போனார். அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், அம்மா வாயைத் திறக்க முதல் அப்பா "பக்கிங்" என்பார். அம்மா தலையாட்டுவார். நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன். யாரோ வெட்டிக் கொடுக்கும் இறைச்சியை அம்மா பெட்டிக்குள் அடுக்கி ஒட்டுகிறார் என்பதே என் எண்ணம்.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. கடையில் இரண்டு இறாத்தல், மூன்று இறாத்தல் என்று வாங்கி வருவது மாமாவுக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. விட்பிக்கு வடக்கே ஒரு பண்ணை இருக்கிறதாம், முழு மிருகமாக வாங்கி ஐந்து குடும்பம் பிரித்துக்கொண்டால் அடுத்த கோடைவரை இறைச்சிக் கடைப் பக்கமே போகத் தேவையில்லையாம். அந்தப் பண்ணையில் மாடும் இருந்தது, காட்டெருமையும் இருந்தது. மாமா காட்டெருமையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அன்ரி.

அன்ரி என்றது மாமாவோடு வேலை செய்தவரின் மனைவியை. யாழ்ப்பாணத்தார், சைவக்காரர். ஆடும் கோழியும் சமைப்பார், மாடு மட்டும் வீட்டு வாசலுக்குள் வரக் கூடாது. ஐந்தாவது குடும்பமாக அவர்களைச் சேர்க்காவிட்டால் கணக்குச் சரிவராது என்று மாமா ஒரு மாலை முழுக்க அன்ரியோடு வாதாடினார்.

"அன்ரி, இது மாடில்லை. பைசன். பால் கறக்கேலாது, வண்டிலிலை பூட்டேலாது. பிறகெப்பிடி மாடு?"

நான் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் காட்டெருமையின் படம் இருந்தது. அன்ரி அதை நெடுநேரம் பார்த்தார். "முகத்தைப் பாத்தா மாட்டின்ரை சொந்தக்காரன் மாதிரியெல்லோ கிடக்கு," என்றார்.

"தூரத்துச் சொந்தம் அன்ரி. கலியாண வீட்டுக்குச் சொல்லாட்டியும் குறை நினையாத சொந்தம்."

அன்ரி சிரித்துவிட்டார். "சரி, பிள்ளையளுக்கு மட்டும். நான் வாயிலை வைக்க மாட்டன்," என்று சம்மதித்தார். மாமா உடனே பண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கம் விவசாயி நீளமாக ஏதேதோ விளக்கினார், கேள்விகளும் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னார். கடைசியில் "யெஸ், குவாட்டர்ஸ், யெஸ், வெரி குட்" என்று வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஐந்து குடும்பமும் மாமா வீட்டுக் கராஜில் கூடினோம். நல்ல குளிர். பொலித்தீன் பைகளும் ஐஸ்பெட்டிகளுமாக எல்லோரும் வந்திருந்தார்கள். பத்து மணிபோல மாமாவின் வான் பின்பக்கமாக வந்து நின்றது. மாமா இறங்கிக் கதவைத் திறந்தார். ஆனால் அவர் எங்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய நான்கு பெரிய உருவங்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் என்னைவிட நீளம். ஒன்றின் துணியிலிருந்து கால் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பைக்கற் எங்கை?" என்றார் அப்பா.

"அத்தான், குவாட்டர்ஸ் எண்டுதான் அவன் கேட்டவன். கால் கால் இறாத்தலாக் கட்டித் தருவான் எண்டு நினைச்சு நானும் யெஸ் எண்டிட்டன்."

விவசாயி சொன்னது வேறு. அங்கே இறைச்சி வெட்டிக் கொடுக்கிறவர் கை முறிந்து வீட்டில் இருக்கிறார், ஆகவே மிருகத்தை நான்கு பெரும் பங்காக மட்டுமே தர முடியும், மிச்ச வேலையை நீங்களே பார்த்துக்கொள்வீர்களா என்று அந்த நல்ல மனிதர் கேட்டிருக்கிறார். அதற்கும் மாமா யெஸ்தான்.

நான்கு பங்கையும் ஆண்கள் சேர்ந்து தூக்கி, கராஜ் தரையில் விரித்த பொலித்தீனில் கிடத்தினார்கள். மாமா தனக்குத் தெரிந்த இறைச்சிக் கடைகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். வெளியிலிருந்து வரும் இறைச்சியைத் தொடமாட்டோம் என்று எல்லாக் கடையும் கையை விரித்துவிட்டது. பிறகு சுவரில் தட்டு அடிப்பதற்கு வைத்திருந்த, மரம் அரியும் வாளை மாமா எடுத்து வந்தார். இரண்டு பேர் பங்கை அமத்திப் பிடிக்க, அவர் அரிந்தார். எலும்புத் தூள் பறந்தது. கால் மணித்தியாலம் பாடுபட்டதன் பின் சப்பாத்து அளவில் ஒரு துண்டு வந்தது. அது இறைச்சியா களியா என்று சொல்ல முடியாமல் இருந்தது. நாற்றம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அன்ரி வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அஞ்சு குடும்பத்துக்கு நாலு கால். எப்பிடிப் பிரிக்கிறது?" என்றார் ஒருவர். "உம்மை நம்பி இறங்கினதுக்கு இதுவும் வேணும்," என்றார் இன்னொருவர். எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா வாளில் ஒட்டிய களியை விரலால் வழித்துக்கொண்டு நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததேயில்லை.

வீட்டுக்குள்ளே போகும் கதவடியில் அம்மா நின்றார். அவருடைய வலக்கை விரல்கள் தாமாகவே மடிந்து விரிந்துகொண்டிருந்தன.

"பிழையான இடத்திலை அரியிறியள்," என்றார். மிகவும் மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஜக்கெற் பைக்குள்ளிருந்து கார்த் திறப்பை எடுத்தார்.

"உம்மடை கத்தியை எடுத்துக்கொண்டு வாறன்."

"அந்தக் கம்பிக் கையுறையையும்," என்றார் அம்மா.

"தெரியும்."

அப்பா ஸ்காபுறோவுக்குப் போய்த் திரும்ப முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் அம்மா கராஜை வேறோர் இடமாக மாற்றிவிட்டார். மாமி ஆசைப்பட்டு வாங்கிய சாப்பாட்டு மேசை வெளியே வந்தது. மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு பொலித்தீன் விரிக்க உதவி செய்தார். கொதிநீர் வந்தது, தட்டங்கள் வந்தன, இறைச்சி பழுதாகாமல் குளிர் உள்ளே வரட்டும் என்று கராஜ் கதவு முழுவதும் திறந்து விடப்பட்டது. யாரும் அம்மாவிடம் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் உப்புப் போதுமா என்றுகூட அப்பாவைக் கேட்டுச் செய்யும் அம்மா, அன்று ஐந்து குடும்பத்தையும் ஏவினார்.

அப்பா கொண்டுவந்த துவாய்க்குள் ஒரு கத்தி, அதைத் தீட்டும் உருக்குக் கம்பி, வெள்ளிச் சங்கிலி பின்னியதுபோல ஒரு கையுறை இருந்தன. கத்தி சிறியது. தேய்ந்து தேய்ந்து விரல் அகலத்துக்கு வந்திருந்தது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கத்தியால் வெங்காயம் உரிக்கலாம், காட்டெருமையை என்ன செய்வது?

அம்மா கையுறையை இடக்கையில் மாட்டினார். கத்தியை உருக்கில் இரண்டு பக்கமும் நாலு தரம் இழுத்தார். பின்னங்கால் பங்கை மேசையில் ஏற்றச் சொல்லி, அதன்மேல் வெறுங்கையை வைத்துத் தடவினார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு கத்தி நுனியை ஓரிடத்தில் வைத்தார்.

அவர் வெட்டியதாகவே தெரியவில்லை. சதைக்கும் சதைக்கும் இடையில் ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு ஓடுகிறது. அந்த வழியாகக் கத்தி நடந்தது, சதை தானாகவே விலகிக் கொடுத்தது. மூட்டு வந்த இடத்தில் நுனியை உள்ளே விட்டு ஒரு திருப்புத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். மாமா மரவாளால் கால் மணித்தியாலம் போராடிய எலும்பு கழன்று அப்பாவின் கையில் கிடந்தது.

"இழுங்கோ. உங்கடை பக்கம். காணும், காணும்," என்று அம்மா சொல்லச் சொல்ல அப்பா பிடித்தார், இழுத்தார், திருப்பினார். மாமா எலும்புகளைச் சுமந்தார். எனக்கு எழுத்து வேலை. அம்மா ஒவ்வொரு துண்டையும் தள்ளிவிடும்போதே அதற்கு என்ன விதி என்று சொல்லுவார். முதுகுப் பக்கத்து இறைச்சி கெதியாக அவியும், அதற்கு நான் 'அவசரக் கறி' என்று எழுதினேன். தோளும் காலும் நேரமெடுக்கும், அவற்றுக்கு 'ஆறுதல் கறி'. எலும்புக்கு 'சூப்பு'. வாள் பட்டுக் களியான இறைச்சியை அம்மா எறியவில்லை. எலும்புத் தூளை வழித்துத் துடைத்து, கொத்தி, தனியாகக் கட்டினார். அதற்கு நான் 'மாமா கட்லட்' என்று எழுதினேன்.

"கொழுப்பில்லாத சாமான். அவசரப்பட்டுப் பெரிய நெருப்பிலை வைச்சா செருப்புத்தான் தின்ன வேண்டி வரும்," என்று பெண்களுக்கு எச்சரிக்கையும் செய்தார்.

மூன்றாவது பங்கு மேசைக்கு ஏறியபோது அன்ரி திரும்பி நின்றார். பிறகு ஓரடி உள்ளே வந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து பைகளை வாய் விரித்துப் பிடிக்கத் தொடங்கினார். அம்மாவின் கையைவிட்டு அவர் கண் எடுக்கவேயில்லை.

"எங்கை பழகினனீங்கள் இதை?"

கத்தி நின்றது. அப்பா வழக்கம்போல முந்திக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அப்பா கையிலிருந்த காலின் பிடியை மாற்றினார்.

"கொம்பனியிலைதான், அக்கா. நான் பக்கிங்கிலை இல்லை. கத்தி லைன், வரிசையா நிண்டு வெட்டுற இடம். ஒருநாள் ஒருத்தர் வரேல்லை எண்டு என்னை விட்டவங்கள். மூண்டு வருசமாச்சு."

ஐஸ்பெட்டியின் மூடி ஒன்றை யாரோ மெதுவாக மூடினார்கள். அப்போது, முன்னங்காலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த அப்பா, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"அந்த லைனிலை நிக்கிற ஒரே பொம்பிளை இவதான். புதுசா வாற ஆம்பிளையளுக்கும் இவதான் பழக்கிறது."

அப்பா சத்தமாகப் பேசுகிறவர் அல்லர். கால் பாரமாக இருந்ததால்தான் அப்படிக் கத்தினார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது ஐந்து குவியல் இருந்தது. ஒவ்வொரு குவியலிலும் அவசரம், ஆறுதல், சூப்பு எல்லாம் அளவாக. குறை சொல்ல ஒருவருக்கும் இடமில்லை. மாமா தன்னுடைய பழைய முகத்தைத் திரும்பப் பெற்று, "சொன்னன்தானே, ஒரு பிரச்சினையும் வராதெண்டு," என்றார். மாமி அவசரக் கறியில் ஒரு சட்டி சமைத்தார். அன்ரி சோறு மட்டும் போட்டுக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கரண்டி குழம்பு கேட்டார். "துண்டு வேண்டாம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அன்று பிடித்த பெருமை இலேசில் இறங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் கொடுத்தபோது, கண்டவர் எல்லோரிடமும் என் அம்மா முழுக் காட்டெருமையைத் தனியாக வெட்டினார் என்று சொன்னேன். ஒரு பெண் புருவத்தை உயர்த்தி அப்பாவைப் பார்த்தார். "உண்மையோ? இறைச்சி வெட்டுறதோ வேலை?"

"ஓம். கத்தி வேலை," என்றார் அப்பா. இந்தமுறை அவர் கையில் பாரம் ஒன்றும் இல்லை. ஒரு கடதாசிக் கோப்பை மட்டும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இறைச்சியை ஆசையாகச் சாப்பிடுவோம், அதை வெட்டுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுவோம். ஊருக்கு அப்பா எழுதிய கடிதங்களில் மூன்று வருடமாக அம்மா ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக வேலை செய்துகொண்டிருந்தார் என்பதும், அதைப் பற்றி அம்மா ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை என்பதும் நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகே எனக்குத் தெரியவந்தன.

அந்த ஞாயிறு கோயிலிலிருந்து காரில் வீடு திரும்பும்போது அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அப்பா ஒரு கையால் காரை ஓட்டியபடி மற்றக் கையால் தன் லேஞ்சியை எடுத்து அவருடைய மடியில் வைத்தார். முந்தின நாள் முழுக்க வெட்டியதில் அம்மாவுக்குக் கை நோகிறதாக்கும் என்று நினைத்தேன். பின் சீட்டிலிருந்து எட்டி, அவருடைய வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நெட்டி முறித்துவிட்டேன். வீடு வரும்வரை அம்மா கையை எடுக்கவில்லை.