யாரோ திருப்பி வைத்த கெப்பாசிட்டர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதை கட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் படியேறியவள் நான். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சூப்பர்வைசர் ஒரு சிடுமூஞ்சி. "டிகிரி பேப்பரை மோட்டார் மேல ஒட்டினா ஓடிடுமா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னால் என் டிரைவர் போர்டு மோட்டாரை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் வேலை போச்சு.

அதற்கு முந்தின நாள் விடுமுறை. பட்டப்பகல். ஒர்க்‌ஷாப்பில் நான் மட்டும். பழைய அலமாரியில் கிடந்த வெற்று நீலப் போர்டு ஒன்றை எடுத்துப் பாகங்களைப் பொருத்தினேன். நானூறு வோல்ட் ஓடும் சர்க்யூட். கடைசியாக அதில் வைக்க வேண்டியது பெரிய கெப்பாசிட்டர் ஒன்று. அதற்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றி வைத்தால் வெடிக்கும். பிளஸ் என்று அச்சடித்திருந்த துளையில் பிளஸ் காலைச் செருகி, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கெப்பாசிட்டர் திரும்பியிருந்தது.

சிடுமூஞ்சியின் வேலை! எனக்குக் குழி பறிக்க விடுமுறையில்கூட வந்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றி, சரியாக வைத்தேன். ஈயம் உருக்கும் அயர்னை அணைத்தேன். கதவை உள்பக்கமாகப் பூட்டினேன். மோட்டாரைத் துடைத்து மாட்ட மூலைக்குப் போனேன்.

ஸ்ஸ்ஸ்...

சால்டர் உருகும் சத்தம்.

திரும்பினேன். யாருமில்லை. புகை மட்டும்...

மறுபடியும் திரும்பியிருந்தது.

சால்டரைத் தொட்டேன். சுட்டது.

அயர்னைத் தொட்டேன்.

ஜில்லென்று இருந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"ஒளிஞ்சிருந்து விளையாடுறீங்களா சார்?"

"என்னம்மா உளர்ற? மாமியாரோட ஆஸ்பத்திரில இருக்கேன்."

"அப்ப என் கெப்பாசிட்டரைத் திருப்பி வைக்கறது யாரு? அலமாரில இருந்த நீலப் போர்டு..."



"ஸ்விட்ச் போட்டியா?"

"இல்ல."

"போடாத! அதுல பிளஸ் மைனஸ் மாத்தி அச்சடிச்சிருக்கும். அதை நம்பித்தான் உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு... மூஞ்சிலயே வெடிச்சு செத்துப்போனா. தூக்கிப் போடச் சொன்னேனே அதையெல்லாம்!"

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"கம்பெனில அவ தப்புன்னு சொல்லி விஷயத்தை மூடிட்டாங்கம்மா."

திருப்பி வைத்திருந்ததை நான் தொடவில்லை. மறுநாள் அதே போர்டு. மோட்டார் சுற்றியது. என் வேலை நிலைத்தது.

எல்லோரும் போன பிறகு சூப்பர்வைசர் குனிந்து கெப்பாசிட்டர் கால்களில் இருந்த அந்த இரண்டு சால்டர் பொட்டுகளையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்தது.

"இது உன் கை வேலை இல்ல," என்றார். "அவ வேலை. அவளுக்கு இப்படிச் சால்டர் வைக்க நான்தான் சொல்லிக்குடுத்தேன்."