எண்ணெய் காயும்வரை

தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் மற்ற பெண்களுக்குத் தலைப்பின்னல் நினைவுக்கு வருமாம். எனக்கு உள்ளங்கை நீளத்தில் ஒரு சிவப்புக் கார்தான் நினைவுக்கு வரும்.

எர்ணாவூரில் எங்கள் வீடு. துறைமுகத்தில் புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவது என் அப்பாவின், நான் கூப்பிடுகிறபடி 'நைனா'வின், வேலை. மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். எதுவும் வண்டியில் உரசிவிடக் கூடாதாம். ஆறு வருஷம் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியதற்கு மேஸ்திரி கொடுத்த பரிசுதான் அந்தப் பொம்மைக் கார். சொந்தமாக ஒரு சைக்கிளைத் தவிர எதுவும் இல்லாத மனிதர், அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, வாயால் ஊதித் தூசி போக்குவாரே தவிர, துணியால் தொடமாட்டார். "எவனாச்சும் கை வெச்சீங்க, அவ்ளோதான்" என்பார், வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம் என்றாலும்.

எனக்குப் பத்து வயதில், சிறுநீரகம் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் திரும்பி வரும்போது கார் பளபளவென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்த்து மின்ன வைப்பதைப் பார்த்திருந்தேன் அல்லவா, அந்த மூளைதான் வேலை செய்தது. காரின் மேல் விபூதியைக் கொட்டி, வட்டம் வட்டமாக, கை வலிக்கும்வரை தேய்த்தேன். ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தால், ஐயோ, சிவப்பு முழுக்க முடி முடியாகக் கீறல்கள்!

வந்ததும் வராததுமாக நைனா அதைப் பார்த்துவிட்டார். அடி விழப்போகிறது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதேன். அவரோ காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குக் கண்ணு அயுவுற? நான் சரி பண்ணிட்றேன்" என்றார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஒரு கீறல் இல்லை. "பாத்தியா, பூட்ச்சு!" என்று சிரித்தார். எங்கள் நைனாவால் ஆகாதது உண்டா என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு மாதம்தான் இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு ஒருநாள் காரைக் கையில் எடுத்தேன். கீறல்கள் அத்தனையும் அப்படியே திரும்பி வந்திருந்தன. நைனாவுக்கு என் மேல் கோபம் தீரவே இல்லை என்று நினைத்து விக்கி விக்கி அழுதேன். அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கீறல் எங்கடி போச்சு? அப்பவும் அப்டியேதான் இருந்துச்சு. தெனம் நீ இஸ்கூலுக்குப் போன உடனே தேங்கா எண்ணெயத் தொட்டுத் தடவிக்கினே இருப்பாரு. எண்ணெ இருந்தா கீறல் தெரியாதாம், காஞ்சா தெரியுமாம். ஒக்கார முடியாத மனுசன்டி. கொயந்த பாத்தா அயுவும், கொயந்த பாத்தா அயுவும்னு இதே பேச்சு."

இப்போது கீறலை ஒரேயடியாகப் போக்கும் பசையே கடையில் கிடைக்கிறது. முதலில் தண்ணீரில் அலச வேண்டும், மெத்தென்ற துணியால் வட்டமாக இல்லாமல் நேராக இழுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். என் கணவர் வாங்கி வந்த டப்பா அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. பிரிக்க மனம் வரவில்லை.

நைனாவின் நினைவு நாளன்று மட்டும் ஒரு சொட்டு எண்ணெயை விரலில் தொட்டுத் தடவுவேன். கீறல் மறைந்துவிடும். "பாத்தியா, பூட்ச்சு" என்று சொல்லத்தான் நைனா இல்லை.